கேப்டன் எழுந்து நிற்கும் வியாழக்கிழமை

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டே வார்த்தைதான் சொன்னார். "கால் செத்துப் போகல, தூங்குது. மூணு மாசத்துக்குள்ள தினமும் நிக்க வெச்சு எழுப்பினா எழுந்துக்கும், விட்டா அப்படியே தூங்கிப்போயிடும்." அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள்.

பங்கஜாட்சிக்கு அது போதும். முந்திரி ஆலையில் இருபத்தாறு வருஷம் கொட்டை உடைத்தவள் அவள். பருப்பு முழுசாக வர எங்கே தட்டவேண்டும் என்று ஒருதரம் காட்டினால் பிடித்துக்கொள்கிற கை. தினமும் நிற்க வைக்க வேண்டும், அவ்வளவுதானே?

அவள் புருஷன் சுகதன் கொல்லம் சந்தையில் சுமை தூக்குகிறவர். பதினெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அவர்தான் கன்வீனர். அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு: லாரிப் பக்கத்தில் கன்வீனர் நின்றுகொண்டு "ம், பிடி" என்று சொன்னால்தான் சரக்கில் கை வைப்பார்கள். உட்கார்ந்துகொண்டு சொன்னால் செல்லாது. முன்னொரு காலத்தில் ஒரு கன்வீனர் டீக்கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டே "பிடிடா" என்று சொல்லி, ஒருத்தன் பாதத்தில் இரும்புக் கம்பிக் கட்டு விழுந்ததிலிருந்து வந்த சட்டம் அது. நிற்கிறவனுக்குத்தான் பாரம் தெரியும் என்பார்கள்.

அப்படிப்பட்ட சுகதன் ஒருநாள் அரிசி மூட்டையோடு நடந்துகொண்டிருக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. மூட்டையைச் சரியான அடுக்கில் இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தார். கண் விழித்தபோது இடது கையும் காலும் தூங்கிப்போயிருந்தன. நாக்கு மட்டும் கெட்டியாக விழித்திருந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கக்கூஸுக்குத் தானாகப் போகவேண்டும், கதவைத் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். ஐம்பத்தாறு வயசில் பெண்டாட்டி தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பதைவிட அந்த மூட்டையோடு மூட்டையாகப் போயிருக்கலாம் என்றார். "வாயைக் கழுவுங்க சேட்டா" என்றாள் பங்கஜாட்சி. ஆனால் அவளுக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது.

விழுந்த பன்னிரண்டாம் நாள் அவரை பைபாஸ் ரோட்டில் இருக்கும் 'ஏகோபனம்' மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். ஏகோபனம் என்றால் எல்லாரையும் ஒருங்கிணைப்பது. பெயரைப் பார்த்தபோதே அவள் உஷாராகி இருக்கவேண்டும். விதி யாரை விட்டது.

வாசலிலேயே ஆளுயரப் பலகை: 'இங்கே நோயாளியே குழுவின் கேப்டன்.' ஒருங்கிணைப்பாளர் ஷெர்லி சிரித்த முகத்தோடு வந்து சுகதனின் சட்டையில் 'கேப்டன்' என்று எழுதிய வட்ட பேட்ஜைக் குத்தினாள். குத்தியது இடது பக்கம், அதனால் ஊசி பட்டது சுகதனுக்குத் தெரியவில்லை.

"இனி நீங்க சொல்றதுதான் சட்டம் கேப்டன்" என்றாள்.

"அப்ப என்னை நிக்க வையுங்க" என்றார் சுகதன்.

ஷெர்லிக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. "ஐயோ, அது டீம் முடிவு பண்ணணும் கேப்டன்."

டீமில் பதினோரு பேர். நடைப்பயிற்சிக்கு ஒருவர், குளிக்க உடுக்கச் சொல்லித்தர ஒருவர், பேச்சுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர், தளர்ந்த காலுக்கு முட்டுக் கொடுக்கும் பட்டை செய்கிறவர் ஒருவர், இப்படியே போகும். முதல் மூன்று நாளில் பதினோரு பேரும் தனித்தனியாக வந்து, ஒரே கேள்விகளைப் பதினோரு தடவை கேட்டு, பதினோரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பேச்சுக்காரர் மட்டும் அரைமணி கூடுதலாக உட்கார்ந்து, "பேச்சு தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது" என்று எழுதினார்.

எல்லா முடிவும் வியாழக்கிழமை மீட்டிங்கில்தான் எடுக்கப்படும். முதல் வியாழக்கிழமை சுகதனுக்குச் சவரம் செய்து, வெள்ளை முண்டு கட்டி, சக்கர நாற்காலியில் வைத்து மீட்டிங் அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள் பங்கஜாட்சி. கேப்டன் இல்லாமல் எப்படி?

ஷெர்லி கதவுக்குக் குறுக்கே நின்றாள். "உள்ளே வரக்கூடாது சேச்சி. நோயாளி விஷயமெல்லாம் ரகசியம்."

"நோயாளியே இவருதானேம்மா?"

"அதனாலதான் சேச்சி. இவரைப் பத்தின ரகசியம் வெளியே போச்சுன்னா இவருக்குத்தானே கெடுதல்?"

பங்கஜாட்சி நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். கேப்டன் ஒன்றரை மணிநேரம் வராந்தாவில் இருந்தார். உள்ளே டீயும் பழம்பொரியும் போயிற்று. கடைசியில் கதவு திறந்தது, பதினோரு பேரும் பிறந்தநாள் வீட்டிலிருந்து வருகிறவர்கள்போல வந்தார்கள்.

"என்ன முடிவாச்சு மோளே?"

"ரொம்ப நல்ல விவாதம் சேச்சி! அடுத்த வியாழக்கிழமை தொடருது."

நடைப்பயிற்சிக்காரி லில்லிக்குட்டிக்கு இருபது வருஷ சர்வீஸ். முகத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்தவள் என்று தெரியும். அவளிடம் பங்கஜாட்சி தனியாகப் போய்க் கேட்டாள். லில்லிக்குட்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு ரெண்டு நிமிஷ வேலை சேச்சி. ஆனா பாதத்துல பட்டை இல்லாம நிக்க வைக்கக்கூடாதுன்னு ஃபாரம் இருக்கு. பட்டை வந்தா வைக்கிறேன்."

பட்டைக்காரரிடம் போனாள். "செஞ்சு தர்றேனே, அரைநாள் வேலை" என்றார் அவர். "அளவு எடுக்கணும். ஆளை நிக்க வெச்சுதான் அளவு எடுக்கணும்னு ஃபாரம். நிக்க வைக்கச் சொல்லுங்க, ஓடி வர்றேன்."

பங்கஜாட்சி ஒரு வாரம் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே நடந்தாள். சுகதன் நடக்காத நடையெல்லாம் அவள் நடந்தாள். கடைசியில் விஷயம் வியாழக்கிழமை மீட்டிங்குக்குப் போனது. இரண்டு தரப்பும் சொல்வது சரிதான் என்று டீம் கண்டுபிடித்தது. ஒருவர் துறையில் ஒருவர் தலையிடாத இந்தப் பண்பைப் பாராட்டித் தீர்மானம் போட்டு, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பூச்செடி கொடுத்தார்கள்.

"ஆள் கூடினா பாம்பு சாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் பங்கஜாட்சி. "ஒருத்தன் அடிச்சா செத்திருக்கும். பதினோரு பேரு கம்போட நிக்கிறானுங்க, பாம்பு நடுவுல படுத்து குட்டி போடுது."

மையத்தில் சேர்ந்த இருபத்தெட்டாம் நாள் நடந்ததை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். அன்று வெளியூரிலிருந்து யாரோ பார்க்க வந்திருந்தார்கள் என்று பதினோரு பேரும் ஒரே சமயத்தில் சுகதனின் அறையில் நின்றார்கள். 'கூட்டுப் பார்வை' என்று அதற்குப் பெயர். நடுவில் சுகதன் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் கக்கூஸுக்குப் போகணும்."

பதினோரு பேரும் மதிப்போடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கக்கூஸ் உங்களோடது இல்லையா டீச்சரே?" என்று லில்லிக்குட்டி குளிக்க உடுக்கச் சொல்லித்தருகிறவளைக் கேட்டாள்.

"உள்ள என்னோடது. கட்டில்லேருந்து கதவு வரைக்கும் உங்களோடது."

"அப்ப நடுவுல அந்தப் படி?"

படியைப் பற்றி ஏற்கெனவே ஒரு குறிப்பு இருப்பதாக ஷெர்லி கோப்பைப் புரட்டினாள். படி இரண்டு துறைக்கும் பொது, ஆகவே கூட்டு அமர்வு தேவை. மனசுக்காரர் குனிந்து சுகதனின் தோளைத் தொட்டு, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சாப்பாட்டுக்காரி காலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று குறித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

"தள்ளுங்கடா!" என்று கத்திக்கொண்டு பங்கஜாட்சி பாய்ந்து புருஷனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். முதுகில் படக்கென்று ஒரு சத்தம். கட்டிலைத் தாண்டவில்லை. வெள்ளை முண்டு நனைந்து, தரையில் வழிந்து, பதினோரு ஜோடிச் செருப்பும் ஓரடி பின்னால் போயின.

சுமைதூக்கிக் கன்வீனர் சுகதன், மே தின ஊர்வலத்தில் முதல் வரிசையில் கொடி பிடித்த சுகதன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

அன்று பங்கஜாட்சி மனசுக்குள் கணக்குத் தீர்க்கவேண்டிய பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டாள். முதல் பெயர் இயக்குநர் டாக்டர் தரகன்.

அவள் முதுகு பிடித்ததை டீம் கவனிக்காமல் விடவில்லை. மறுநாளே அவள் பேரில் தனிக் கோப்புத் திறந்தார்கள். 'பராமரிப்பாளர்' என்று அவளுக்கும் ஒரு பேட்ஜ். அவள் முதுகுக்கு ஐந்து பேர் கொண்ட துணைக்குழு. அது கூடுவது செவ்வாய்க்கிழமை.

ஆறாவது வியாழக்கிழமைக்கு முந்தின நாள் தரகன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். தலை நரைத்த, நல்ல உயரமான மனிதர். குரலில் பள்ளிக்கூட பிரார்த்தனைக் கூட்டத்தின் இனிமை.

"வாழ்த்துகள் சேச்சி. உங்க வீட்டுக்காரர் தன் இலக்கை நூறு சதவீதம் அடைஞ்சிட்டார்."

பங்கஜாட்சி திரும்பிப் பார்த்தாள். சுகதன் நாற்காலியில்தான் இருந்தார். "இவரு எங்க சாரே நடந்தாரு?"

"நடக்கிறதா? அது பழைய இலக்கு. போன மாசம் டீம் அதைத் திருத்தி 'நாற்காலியில் திருப்தியாக உட்காருதல்'னு வெச்சது. உட்கார்ந்திருக்காரே!" தரகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேச்சி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நடக்கிறது என்ன பெரிய விஷயம்? ஆடு மாடுகூட நடக்குது. ஒருங்கிணைப்புதான் மனுஷனுக்கு மட்டும் உள்ளது. முன்னெல்லாம் ஒரே ஒரு டாக்டர் வருவார், ஒரே ஒரு நர்ஸ் புடிச்சு நிக்க வைப்பா, நோயாளி நடந்து வீட்டுக்குப் போயிடுவான். எவ்வளவு அநாகரிகம்! அவன் எப்படி நடந்தான்னு ஒரு காகிதம்கூட இருக்காது. இங்க பாருங்க." அலமாரியைக் காட்டினார். சுகதனின் கோப்பு தலையணை கனத்துக்கு இருந்தது. "இவரு நடக்காததுக்கு எங்ககிட்ட முன்னூத்தி நாப்பது பக்கம் இருக்கு."

"எத்தனை நாள் ஆச்சுன்னு அதுல இருக்கா சாரே?"

"நாள் கணக்கு நிர்வாகத்தோடது" என்றார் தரகன்.

பிறகு அவர் சந்தோஷச் செய்தியைச் சொன்னார். நாளைக்கு வியாழக்கிழமை, வெளிநாட்டிலிருந்து நடை இயந்திரம் வருகிறது. ஆளை வாரில் மாட்டித் தொங்கவிட்டால் அதுவே காலைத் தூக்கி வைத்து நடத்தும். நாலு மணிக்கு மந்திரி வந்து திறக்கிறார். மேடையில் வெற்றி பெற்ற நோயாளியாக சுகதன் உட்காரவேண்டும், மாலை உண்டு.

"அந்த மிஷினு இவரை நடத்துமா சாரே?"

"இவரு திருப்தியா உட்கார்ந்துட்டாரே சேச்சி. மறுபடியும் நடக்கச் சொன்னா நூறு சதவீதம் குறைஞ்சிடும். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்."

பங்கஜாட்சி நாற்காலியின் பிரேக்கை எடுத்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாக் கோடியில் நின்று, "மிஷினு எவ்வளவு பாரம் இருக்கும் சேட்டா?" என்று கேட்டாள்.

"வெளிநாட்டுப் பெட்டி. ரெண்டு டன்னாவது இருக்கும்" என்றார் சுகதன்.

"இந்த ஏரியாவுல சரக்கு இறக்குற உரிமை எந்தக் குழுவோடது?"

ஆறு வாரத்தில் முதல் தடவையாக சுகதனின் வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிரித்தது. "நம்மளோடதுதான்டீ."

அன்று சாயங்காலம் ஆறு ஆரஞ்சும் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டுமாகப் பார்க்க வந்த துணைக் கன்வீனர் சத்யசீலன், போகும்போது ஷெர்லியிடம் மிகவும் பணிவாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்: டீம் மீட்டிங் நடத்தும் முறை பற்றிய கையேடு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நாமக்கல் வண்டி. மேலே ஒரு சின்ன வீடு அளவுக்குப் பெட்டி. சுமைக் குழுவின் நீலச் சட்டைக்காரர்கள் பதினோரு பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பதினெட்டுப் பேரில் பதினோரு பேரைத்தான் சத்யசீலன் தேர்ந்தெடுத்திருந்தான். எல்லார் கையிலும் ஒரு கோப்பு. கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை லாரியைச் சுற்றி வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தரகன் பட்டு முண்டும் ஜிப்பாவுமாக வெளியே வந்தார். "இறக்கலையா?"

"இறக்குறதுக்குத்தான் சாரே உட்கார்ந்திருக்கோம்" என்றான் சத்யசீலன். "சகாவு திவாகரன் சொல்லுங்க." சகாவு என்றால் தோழர்.

கயிற்றுக்காரர் திவாகரன் எழுந்து தொண்டையைக் கனைத்தார். "கயிறு என் துறை. கயிறு நல்லா இருக்கு. ஆனா முடிச்சு சகாவு நிஸாமோடது. அவரு துறையில நான் கை வைக்கமாட்டேன்."

நிஸாம் எழுந்தார். "முடிச்சை அவிழ்க்க நான் தயார். பெட்டி கீழ இறங்கினப்புறம்தான் அவிழ்க்கணும்னு எனக்கு ஃபாரம்."

எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பூச்செடி கொடுக்கப்பட்டது. செடி மையத்துத் தோட்டத்திலிருந்து பிடுங்கியது.

தரகனுக்கு முகம் சிவந்தது. "இதென்ன கூத்து! எனக்குத் தெரியும்யா உங்க விஷயம். நோக்குகூலிதானே வேணும்?"

நோக்குகூலி என்றால், சுமையைத் தொடாமல் நின்று பார்த்ததற்கே வாங்கும் கூலி. ஒரு காலத்தில் வாங்கியவர்கள்தான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. சத்யசீலன் நாக்கைக் கடித்துக் காதைத் தொட்டுக்கொண்டான்.

"ஐயோ சாரே, அது இப்ப குற்றம். நாங்க அதை விட்டு வருஷமாச்சு. விட்டப்புறம் அது எங்க போச்சுன்னுதான் தேடிட்டிருந்தோம். இங்க வந்து பாத்தா பதினோரு பேரு அதே தொழிலை இன்னும் சுத்தமா, கோட்டு போட்டுக்கிட்டுப் பண்றாங்க. எங்களுக்கு ஒரு பைசா வேண்டாம். மீட்டிங் முடிஞ்சதும் இறக்கிடுவோம்."

"மீட்டிங் எப்ப முடியும்?"

"ரொம்ப நல்ல விவாதம் போயிட்டிருக்கு" என்றான் சத்யசீலன்.

தரகன் மீட்டிங்குக்குள் நுழையப் பார்த்தார். ஒரு நீலச் சட்டை குறுக்கே வந்து நின்றது. பெட்டி யாருடையதோ அவர் உள்ளே வரக்கூடாது, பெட்டி விஷயமெல்லாம் ரகசியம். வெளியே போனால் பெட்டிக்குத்தானே கெடுதல்?

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. தார்ப்பாயில் ஓட்டை இருப்பதாக ஒருவர் கண்டுபிடித்தார். ஓட்டை எந்தத் துறை என்று பேச்சு ஆரம்பமானது. மனசுக்குப் பொறுப்பான சகாவு லாரியில் ஏறிப் பெட்டியைத் தடவிக்கொடுத்து, "இப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். வராந்தாவில் கூடியிருந்த நோயாளிகள் சக்கர நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ஏழு மாதமாக வாயே திறக்காத ஒரு கிழவர் "இன்னொரு தடவை கேளுடா" என்றார். பேச்சுக்காரர் ஓடிப்போய்க் குறித்துக்கொண்டார்.

போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். காசு கேட்டார்களா? இல்லை. மிரட்டினார்களா? இல்லை. இறக்கமாட்டேன் என்றார்களா? இல்லவே இல்லை. "அப்ப நான் என்ன கேஸ் போடறது டாக்டரே? டீம் வேலை பண்றாங்கன்னா?" என்றார். அவருடைய மாமியார் இதே மையத்தில் நாலு மாதம் கேப்டனாக இருந்தவள். அவர் டீ வாங்கிக் குடித்துவிட்டு, மழைக்கு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு தரகன் உடைந்தார். குரலில் பிரார்த்தனையெல்லாம் போய்விட்டது. "என்னதான்டா பண்ணணும்? சொல்லித் தொலைங்க!"

"எங்க சட்டம் ஒண்ணே ஒண்ணுதான் சாரே" என்று சத்யசீலன் கோப்பை மூடினான். "கன்வீனர் லாரிப் பக்கத்துல நின்னு சொல்லணும். நாங்க கை வெச்சுடுவோம்."

"கூப்பிடுய்யா அந்தக் கன்வீனரை! எங்கே அவன்?"

பங்கஜாட்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் சுகதன், கழுத்தில் மேடைக்கு வாங்கிய மாலை, சட்டையில் 'கேப்டன்' பேட்ஜ்.

"இவர்தான் சாரே" என்றாள். "நிக்க வையுங்க."

தரகன் தன் பதினோரு பேரையும் பார்த்தார். பதினோரு பேரும் தங்கள் கோப்பைப் பார்த்தார்கள்.

"லில்லிக்குட்டி! நிக்க வை இவனை!"

"பட்டை இல்லையே சாரே" என்றாள் லில்லிக்குட்டி. அவள் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. "ஃபாரம் இருக்கே."

"ஃபாரத்தைத் தூக்கி அடுப்புல போடு!"

"டீம் முடிவு பண்ணணுமே சாரே."

"நான் சொல்றேன், நிக்க வைடீ!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று லில்லிக்குட்டி சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஒரு துண்டை சுகதனின் இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டினாள். அவரது தூங்கும் முழங்காலுக்கு முன்னால் தன் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். "சத்யசீலா, நீ வலது பக்கம். கையை இழுக்காத, துண்டைப் பிடி. அண்ணா, முன்னால குனிங்க, மூக்கு என் தோளுக்கு வரட்டும். மூணு எண்ணினதும் பாதத்தை அழுத்தி எழுந்திருங்க. மூட்டை தூக்குற மாதிரிதான். ஒண்ணு, ரெண்டு..."

சுகதன் எழுந்து நின்றார்.

கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் நின்றார். மையத்தில் இருந்த நாற்பத்திரண்டு நாளும் கட்டிலிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் அண்ணாந்து பார்த்த முகங்களை நேருக்கு நேராகப் பார்த்தார். தரகனைவிட அவர் நாலு விரல் உயரம் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

துண்டு கட்டியதிலிருந்து எழுந்து நின்றது வரை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பங்கஜாட்சிக்கு அழுகை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம். ரெண்டு நிமிஷம்! ரெண்டு நிமிஷ வேலைக்கு நாற்பத்திரண்டு நாள் என் புருஷனை நனைய வெச்சீங்களேடா பாவிகளா என்று மனசுக்குள் திட்டினாள்.

"சொல்லுங்கண்ணா, சீக்கிரம்" என்றார் தரகன். அண்ணா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சுகதன் பெட்டியை ஏறிட்டுப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், தார்ப்பாய் ஓட்டையைப் பார்த்தார். பதினோரு நீலச் சட்டையும் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றது.

"ரொம்ப நல்ல விவாதம்" என்றார் சுகதன். "அடுத்த வியாழக்கிழமை தொடருது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு வந்த மந்திரி மழையில் நனைந்துகொண்டே லாரியின் பின்கதவில் ரிப்பன் வெட்டினார். மருத்துவம் மக்களைத் தேடி வீதிக்கே வந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பேசினார். அவருக்கு ஒரு பூச்செடி கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சுகதனுக்கு டிஸ்சார்ஜ் இல்லை. அடுத்த வியாழக்கிழமை அவர் நிற்காவிட்டால் பெட்டி இறங்காதே! லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட தரகனின் கார் வெளியே போகவும் முடியாதே! எனவே டீம் கூடாமலேயே அவசரமாக ஒரு முடிவெடுத்தது: லில்லிக்குட்டி என்ன சொல்கிறாளோ அதைச் செய்வது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நிற்க வைத்தாள். பட்டைக்காரர் ஓடிவந்து அளவெடுத்து, அரைநாளில் பட்டையைக் கட்டினார். சாப்பாட்டுக்காரி மீன் குழம்பைத் தானே சூடாகக் கொண்டு வந்தாள். படியை இடித்துச் சமமாக்கினார்கள், கொத்தனார் பெயரில் கோப்பு எதுவும் திறக்கவில்லை. தரகன் தினமும் மையத்துக்கு ஆட்டோவில் வந்து, லாரிக்கும் மதிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, முதல் வேலையாக "அண்ணா எத்தனை எட்டு வெச்சார்?" என்று கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை சுகதன் நாலு எட்டு நடந்து லாரியை அடைந்தார். கயிற்றுக்காரர் திவாகரன் லீவு. விவாதம் அடுத்த வியாழனுக்குப் போனது. நாமக்கல் டிரைவருக்கு மூன்று வேளையும் குழுவின் செலவில் சோறு, ராத்திரி சீட்டாட்டம். அவர் ஊருக்கு போன் போட்டு, "இங்க மீட்டிங் நடக்குது, வர நாளாகும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. காலை பத்தரை மணி. தரகனே இறக்குவதற்கான காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். பின்னால் ஷெர்லியும் பதினோரு பேரும். கட்டில் காலியாக இருந்தது. சக்கர நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் 'கேப்டன்' பேட்ஜ் கிடந்தது.

பங்கஜாட்சி கக்கூஸ் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முதுகில் வெந்நீர்ப் பையோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க சேச்சி அவரு?"

அவள் கத்தியால் கதவைக் காட்டினாள். சற்று முன்னால்தான் அவர் கைத்தடியோடு, யாரும் பிடிக்காமல், சமமான தரையில் இழுத்து இழுத்து நடந்து உள்ளே போனார். கதவை மூடினார். பிறகு அந்தச் சத்தம் கேட்டது: டக். தாழ்ப்பாள். அதைக் கேட்டபோது அவள் நறுக்குவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தாள்.

தரகன் கதவை மெல்லத் தட்டினார். "அண்ணா... ஒரு வார்த்தை சொன்னா போதும். பெட்டி மழையில ஊறுது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். சுகதனின் குரல் நிதானமாக வந்தது.

"வராந்தாவுல உட்காருங்க சாரே. உள்ள மீட்டிங் நடக்குது."